கலிபோர்னியச் சட்டவாக்கத்தில் லாபி

லாபி அல்லது அழுத்தக் குழுச் செயற்பாடு என்பது, ஒரு சட்டத்தால் நன்மையோ தீமையோ அடையக்கூடிய குழுக்கள், அச்சட்டத்தை இயற்றவோ திருத்தவோ தடுக்கவோ வேண்டிச் சட்டமன்ற உறுப்பினர்களையும் அவர்தம் அலுவலர்களையும் அணுகித் தம் பக்கம் ஈர்க்க மேற்கொள்ளும் முயற்சி ஆகும். இதனைத் தொழிலாகச் செய்பவர் லாபியாளர் எனப்படுகிறார். ஐக்கிய அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இது சட்டத்தால் ஏற்கப்பட்ட தொழிலாகும். மக்கள்தொகையில் மிகப் பெரிய மாநிலமான கலிபோர்னியாவில், 2022 முதல் ஆண்டுதோறும் 40 கோடி டாலருக்கும் கூடுதலான தொகை இதற்கெனச் செலவிடப்பட்டதாக அரசுப் பதிவேடுகள் காட்டுகின்றன. இக்கட்டுரை கலிபோர்னியாவை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டுள்ளது.

லாபி என்றதும் பணப்பெட்டி கைமாறும் காட்சியே பலருக்கும் நினைவுக்கு வரும். அவ்வாறு நடந்ததும் உண்டு. ஆயினும் அழுத்தக் குழுக்களின் வலிமை பெரும்பாலும் வேறு இடங்களில் உள்ளது. மசோதாவை எழுதித் தருவதும், உறுப்பினர் அறியாத துறையில் அவருக்குத் தகவல் தருவதும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மசோதா அவையின் வாக்கெடுப்புக்கு வராமலே செய்வதும் அவற்றின் முதன்மையான வழிகள். ஒரு வழியை அடைக்கக் கொண்டுவரப்பட்ட சீர்திருத்தம் அவ்வலிமையை இன்னொரு வழிக்குத் திருப்பிவிட்டதையும் கலிபோர்னிய வரலாற்றில் பலமுறை காணலாம்.

சொல்லும் சட்டநிலையும்

ஆங்கிலத்தில் லாபி என்பது கட்டடத்தின் முன்கூடத்தைக் குறிக்கும் சொல். உறுப்பினர் அல்லாதோர் அவைக்குள் நுழைய இயலாது என்பதால், வேண்டுகோளுடன் வந்தோர் முன்கூடத்தில் காத்திருந்து உறுப்பினரைப் பிடித்தனர். அதனால் அப்பெயர் அவர்களுக்கே ஆகிவந்தது. குடியரசுத் தலைவர் கிராண்ட் வாசிங்டன் நகர விடுதி ஒன்றின் முன்கூடத்தில் அமர்ந்திருந்தபோது தம்மைச் சூழ்ந்தவர்களுக்கு இப்பெயரை இட்டார் எனப் பரவலாகக் கூறப்படும் கதை சரியன்று. அவர் பதவியேற்ற 1869 ஆம் ஆண்டுக்குப் பல பத்தாண்டுகள் முன்னரே இச்சொல் வழக்கில் இருந்தது.

1791 இல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம், குறைகளைக் களையுமாறு அரசிடம் மனுச் செய்யும் உரிமையை மக்களுக்கு உறுதிசெய்கிறது. லாபியின் சட்ட அடிப்படை இதுவே. தொடக்கத்தில் சில மாநிலங்கள் இதனை அடியோடு ஒழிக்க முயன்றன. சார்சியா மாநிலம் 1877 இல் இயற்றிய தன் அரசியலமைப்பில் லாபியைக் குற்றம் என்றே அறிவித்தது. மாசச்சூசெட்சு 1890 இல் வேறு வழியை மேற்கொண்டது. லாபி செய்யலாம், ஆனால் செய்பவர் தம் பெயரையும் செலவையும் பதிவு செய்யவேண்டும் என்றது. காலப்போக்கில் ஏனைய மாநிலங்களும் இவ்வழிக்கே வந்தன.

இந்திய வாசகர் இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளவேண்டும். இந்தியச் சட்டமன்றங்களில் 1985 ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பின், உறுப்பினர் கட்சிக் கொறடாவின் ஆணைக்கு மாறாக வாக்களித்தால் பதவியை இழக்க நேரிடும். எனவே இந்தியாவில் செல்வாக்குத் தேடுவோர் அமைச்சரையும் கட்சித் தலைமையையும் செயலகத்தையும் நாடுகின்றனர். அமெரிக்க மாநிலங்களில் அத்தகைய சட்டம் இல்லை. உறுப்பினர் ஒவ்வொருவரின் வாக்கும் அவரது சொந்த முடிவு என்பதால், ஒவ்வொருவரையும் தனித்தனியே இணங்கவைக்க வேண்டியுள்ளது. லாபியாளருக்கு அங்கு இத்தனை வேலை இருப்பதற்கு இது முக்கிய காரணம்.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலிபோர்னிய அரசியலைச் சதர்ன் பசிபிக் இரயில்வே நிறுவனம் தன் பிடியில் வைத்திருந்தது. விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல உழவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நிறுவனம் கேட்ட கட்டணத்தையே அவர்கள் கொடுக்கவேண்டியிருந்தது. கட்டணத்தைக் கட்டுப்படுத்த 1879 ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு ஓர் இரயில்வே ஆணையத்தை அமைத்தது. விரைவிலேயே அந்த ஆணையமும் நிறுவனத்தின் செல்வாக்குக்கு உட்பட்டது. பிராங்க் நோரிசு 1901 இல் எழுதிய புதினத்துக்கு எண்காலி என்று பெயரிட்டது இந்நிறுவனத்தை எண்ணியே.

1910 இல் ஆளுநர் தேர்தலில் நின்ற ஹைரம் ஜான்சன், இரயில்வே நிறுவனத்தை அரசியலிலிருந்து வெளியேற்றுவேன் என்ற ஒற்றை முழக்கத்துடன் வென்றார். 1911 அக்டோபரில் மூன்று உரிமைகள் வாக்காளர்களின் ஒப்புதலைப் பெற்றன. மக்கள் தாமே கையொப்பம் திரட்டிச் சட்டம் முன்மொழிவது, சட்டமன்றம் இயற்றியதை வாக்கெடுப்பால் நீக்குவது, பதவியில் இருப்பவரைத் திரும்ப அழைப்பது என்பன அவை. சட்டமன்றத்தை நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டால், அதனைத் தாண்டிச் செல்ல மக்களுக்கு ஒரு வழி வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இரயில்வே ஓய்ந்த பின் தனியொருவர் அவ்விடத்தை நிரப்பினார். மதுபானம், பேருந்து, குதிரைப் பந்தயம் முதலிய துறைகளுக்காக உழைத்த ஆர்தர் சாமிசு, 1930களிலும் 1940களிலும் மாநிலத்தின் மறைமுக ஆட்சியாளர் எனப் பெயர் பெற்றார். தம் வாடிக்கையாளரிடமிருந்து திரட்டிய பணத்தை வேட்பாளர்களின் தேர்தல் செலவுக்குக் கொடுப்பது அவரது முறை. அவருடைய துறைகளைப் பொறுத்தமட்டில் அவருக்குத் தம்மைவிட அதிகாரம் அதிகம் என்று அப்போதைய ஆளுநர் ஏர்ல் வாரனே ஒப்புக்கொண்டார். 1949 இல் கோலியர்சு என்னும் இதழில் தம்மைப் பற்றி வந்த கட்டுரைக்காக, மடியில் பேசும் பொம்மையை வைத்துக்கொண்டு சாமிசு ஒளிப்படம் எடுத்துக்கொண்டார். பொம்மைதான் சட்டமன்றம் என்பது அனைவருக்கும் புரிந்தது. அவமானமடைந்த சட்டமன்றம் அதன் பின்னரே லாபியாளர் பதிவுச் சட்டத்தை இயற்றியது. சாமிசு 1953 இல் வருமான வரி ஏய்ப்புக்காகத் தண்டிக்கப்பட்டார். சட்டமன்றத்தை ஆட்டிவைத்ததற்காக அவர்மீது குற்றத்தீர்ப்பு ஏதும் வரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

வாட்டர்கேட் ஊழல் வெளிப்பட்டுக்கொண்டிருந்த 1974 சூன் மாதத்தில், அரசியல் சீர்திருத்தச் சட்டத்தை வாக்காளர்கள் பெரும்பான்மையால் நிறைவேற்றினர். லாபியாளர் ஒருவர் ஓர் அதிகாரிக்கு மாதத்தில் 10 டாலருக்கு மேல் அன்பளிப்போ விருந்தோ அளிக்கக்கூடாது என்றது அச்சட்டம். அதனைச் செயற்படுத்த ஒரு தனி ஆணையமும் அமைக்கப்பட்டது. விருந்துகள் குறைந்தன. ஆனால் லாபியாளரை அமர்த்தும் நிறுவனங்களும் சங்கங்களும் தேர்தல் நிதி அளிப்பதை அது நிறுத்தவில்லை. அன்பளிப்பாகச் சென்ற பணத்தினும் பன்மடங்கு பணம் தேர்தல் நிதியாகச் சென்றது.

ஒரு மசோதாவின் பயணம்

கலிபோர்னியச் சட்டமன்றம் 80 உறுப்பினர் கொண்ட கீழவையும் 40 உறுப்பினர் கொண்ட மேலவையும் உடையது. ஆண்டொன்றுக்கு 2,000க்கும் மேற்பட்ட மசோதாக்கள் அறிமுகப்படுத்தப்படுகின்றன. அவற்றை எல்லாம் படித்தறிவது எந்த உறுப்பினருக்கும் இயலாத செயல்.

மசோதாவை அவையில் முன்வைக்கும் உறுப்பினர் அதன் ஆசிரியர் எனப்படுவார். ஆனால் பல மசோதாக்களுக்குப் புரவலர் என்று வேறொருவரும் உண்டு. சட்டத்தின் கருத்தை உருவாக்கி, பெரும்பாலும் அதன் முதல் வரைவையும் எழுதி, உறுப்பினரிடம் கொண்டுவந்து சேர்க்கும் வெளி அமைப்பே புரவலர். ஒரு தொழிற்சங்கமோ, வணிகக் கழகமோ, மாநகராட்சியோ, சுற்றுச்சூழல் அமைப்போ புரவலராக இருக்கலாம். ஆதரவு திரட்டுவதும், குழு விசாரணையில் சாட்சியம் அளிப்பதும், எதிர்ப்பாளரோடு பேசித் திருத்தங்களை ஏற்பதும் பெரும்பாலும் புரவலரின் பொறுப்பு. 2007-08 கூட்டத்தொடரை ஆராய்ந்த சான் ஓசே மெர்க்குரி நியூசு நாளிதழ், அறிமுகமான மசோதாக்களில் ஏறத்தாழ 39 விழுக்காடு இத்தகையவை என்றும், சட்டமானவற்றில் அவற்றின் பங்கு 60 விழுக்காடு என்றும் 2010 இல் வெளியிட்டது. இது மறைவான செயல் அன்று. குழு அலுவலர் தயாரிக்கும் ஆய்வுக் குறிப்பிலேயே புரவலர் பெயரும், ஆதரிப்போர், எதிர்ப்போர் பட்டியலும் அச்சிடப்படுகின்றன. பல உறுப்பினர்கள் முதலில் பார்ப்பது அப்பட்டியலைத்தான்.

மசோதா நிறைவேற, வந்திருப்போரில் பெரும்பான்மை போதாது. மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை, அதாவது கீழவையில் 41, மேலவையில் 21 வாக்குகள் தேவை. ஆகவே வாக்களிக்காமல் இருந்துவிடுவது எதிர்த்து வாக்களிப்பதற்குச் சமமான விளைவையே தரும். தொகுதியில் செல்வாக்குள்ள மசோதாவை எதிர்த்ததாகப் பெயர் வாங்க விரும்பாத உறுப்பினர், வாக்கெடுப்பின்போது வெளியே நடந்துவிடலாம். ஒருவரை எதிர்க்கச் செய்வதைவிட நடக்கச் செய்வது லாபியாளருக்கு எளிது.

இன்னும் எளிதான இடம் நிதி ஒதுக்கீட்டுக் குழு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலவு வைக்கும் மசோதாக்கள் அங்கு நிறுத்திவைப்புப் பட்டியலில் சேர்க்கப்படுகின்றன. ஆண்டுக்கு இரு முறை, பொதுவாக மே மாதத்திலும் ஆகத்து மாதத்திலும், அப்பட்டியல் விரைவாக வாசிக்கப்படும். நூற்றுக்கணக்கான மசோதாக்களின் முடிவு ஓரிரு மணிநேரத்தில் அறிவிக்கப்படுகிறது. விவாதம் இல்லை. நிறுத்தப்பட்ட மசோதா ஏன் நிறுத்தப்பட்டது என்று எவரும் விளக்குவதும் இல்லை. செலவைக் கட்டுப்படுத்தவே இம்முறை என்பது அலுவல்முறை விளக்கம். பெயர் வெளிப்படாமல் ஒரு மசோதாவை முடித்துவைக்க இதனினும் வசதியான இடம் இல்லை என்பதும் உண்மையே.

எடுத்துக்காட்டு: நட்டஈட்டு உச்சவரம்பு

சட்டத்தை மாற்றுவதில் மட்டுமன்றி, மாறாமல் வைப்பதிலும் அழுத்தக் குழுக்களுக்கு உள்ள வலிமையை மருத்துவத் தவறுக்கான நட்டஈட்டுச் சட்டம் நன்கு விளக்குகிறது.

1975 இல் மருத்துவர்கள் செலுத்தவேண்டிய தொழிற்காப்பீட்டுக் கட்டணம் திடீரென உயர்ந்தது. மாநிலத்தின் வடபகுதியில் மயக்க மருந்து வல்லுநர்கள் முதலானோர் பணிநிறுத்தம் செய்தனர். ஆளுநர் ஜெர்ரி பிரவுன் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டம், நோயாளி அடைந்த வலிக்கும் துன்பத்துக்கும் வழங்கப்படும் நட்டஈடு 2,50,000 டாலரை மிஞ்சக்கூடாது என்றது. மருத்துவச் செலவுக்கும் இழந்த வருமானத்துக்கும் வரம்பு விதிக்கப்படவில்லை. வழக்குரைஞர் தம் கட்டணமாக எடுத்துக்கொள்ளும் பங்கும் குறைக்கப்பட்டது.

விலைவாசிக்கு ஏற்ப உச்சவரம்பு உயரும் என்ற விதி அச்சட்டத்தில் இல்லை. இச்சிறிய விடுபாட்டின் விளைவு பெரிது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தொகையின் உண்மை மதிப்பு தேய்ந்தது. தவறான சிகிச்சையால் ஒரு குழந்தையோ முதியவரோ இறந்தால், அவர்களுக்கு இழந்த வருமானம் என்று கணக்கிட ஏதும் இராது. எஞ்சுவது 2,50,000 டாலர் மட்டுமே. மருத்துவ வல்லுநர்களைச் சாட்சிக்கு அழைக்கும் செலவே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதால், வழக்கை எடுக்க வழக்குரைஞர் கிடைப்பது அரிதாயிற்று. சட்டம் வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பறிக்கவில்லை. ஆனால் பல குடும்பங்களுக்கு அவ்வுரிமை ஏட்டளவில் நின்றது.

மருத்துவர் சங்கம், காப்பீட்டு நிறுவனங்கள், மருத்துவமனைகள் ஒரு புறமும், வழக்குரைஞர் சங்கம் மறுபுறமும் நின்று ஒன்றையொன்று தடுத்தன. 1987 செப்டம்பரில், கூட்டத்தொடர் முடியும் தறுவாயில், சாக்ரமெண்டோ நகரில் பிராங்க் பாட்சு என்னும் சீன உணவகத்தில் இத்தரப்புகளின் லாபியாளர்கள் கூடினர். கீழவைத் தலைவர் வில்லி பிரவுனும் மேலவை உறுப்பினர் பில் லாக்யரும் உடன் இருந்தனர். எட்டப்பட்ட உடன்பாட்டின் கூறுகளை லாக்யர் உணவகத்தின் கைதுடைக்கும் துணி ஒன்றில் எழுதினார். அது கைதுடைப்புத் துணி உடன்பாடு என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. மருத்துவர்களின் உச்சவரம்பு தொடப்படாது, வழக்குரைஞரின் கட்டணப் பங்கு சற்று உயரும், காப்பீட்டு நிறுவனங்கள்மீது புதிய கட்டுப்பாடு வராது, ஐந்து ஆண்டுகளுக்கு எவரும் மற்றவரைத் தாக்கும் சட்டம் கொண்டுவரார் என்பன அதன் சாரம். இயல்பிலேயே தீங்குடையவை எனப் பயன்படுத்துவோர் அறிந்த பொருள்களுக்காக உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடுக்க இயலாது என்ற விதியும் சேர்ந்தது. சட்டத்தில் அதற்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டுகள் சர்க்கரை, விளக்கெண்ணெய், மது, புகையிலை, வெண்ணெய் என்பன. வெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் இடையில் புகையிலை எவ்வாறு வந்து அமர்ந்தது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

மசோதா கூட்டத்தொடரின் கடைசி இரவில் நிறைவேறியது. புகையிலைக்கான பாதுகாப்பு 1997 இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டது. எனினும் அந்நீக்கம் பின்னோக்கிச் செல்லாது என்றும், 1988 முதல் 1997 வரையிலான நிறுவனங்களின் செயல்களுக்குப் பாதுகாப்பு தொடரும் என்றும் மாநில உச்ச நீதிமன்றம் 2002 இல் தீர்ப்பளித்தது. உணவகத்தில் கூடியவர்களுள் நோயாளிகளுக்காகவோ நுகர்வோருக்காகவோ பேச எவரும் இருக்கவில்லை. ஓராண்டு கழித்து, 1988 நவம்பரில், நுகர்வோர் அமைப்பினர் கையொப்பம் திரட்டிக் கொண்டுவந்த 103 ஆம் முன்மொழிவு, வாகனக் காப்பீட்டுக் கட்டணத்தைக் குறைக்க ஆணையிட்டு வெற்றி பெற்றது. ஐந்தாண்டு அமைதியை விரும்பிய காப்பீட்டு நிறுவனங்களுக்கு அது எதிர்பாராத அடி.

மருத்துவ நட்டஈட்டு வரம்பு மட்டும் அசையவில்லை. அதனை ஏறத்தாழ 11 இலட்சம் டாலராக உயர்த்தக் கோரிய 46 ஆவது முன்மொழிவு, எதிர்த்தரப்பு 5 கோடி டாலருக்கும் மேல் செலவிட்ட பரப்புரைக்குப் பின் 2014 இல் தோற்றது. 2022 இல் மீண்டும் ஒரு முன்மொழிவு வாக்கெடுப்புக்குத் தகுதி பெற்றது. இம்முறை இரு தரப்பும் வாக்கெடுப்பின் அபாயத்தைத் தவிர்க்கப் பேச்சு நடத்தி உடன்பட்டன. முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. உடன்பாடு அவ்வாண்டு மே மாதம் சட்டமாயிற்று. 2023 சனவரி முதல் வரம்பு 3,50,000 டாலராகவும், இறப்பு நேர்ந்த வழக்குகளில் 5,00,000 டாலராகவும் உயர்ந்தது. பத்தாண்டுகளில் இவை முறையே 7,50,000, 10,00,000 டாலரை எட்டும். முதற்சட்டத்துக்கும் இத்திருத்தத்துக்கும் இடைப்பட்ட காலம் 47 ஆண்டுகள்.

கையூட்டு வழக்குகள்

கையூட்டு என்பது லாபி அன்று, அதன் எல்லை மீறல். 1980களில் கூட்டாட்சிப் புலனாய்வு அலுவலர்கள், இறால் பதனிடும் தொழில் தொடங்க விரும்பும் வணிகர் போல வேடமிட்டு, தமக்குச் சாதகமான மசோதா ஒன்றைக் கலிபோர்னியச் சட்டமன்றத்தில் கொண்டுவரச் செய்தனர். இல்லாத தொழிலுக்கான அம்மசோதா நிறைவேறவும் செய்தது. செய்தியை முன்பே அறிந்திருந்த ஆளுநர் அதற்கு ஒப்புதல் மறுத்தார். 1988 இல் சட்டமன்ற அலுவலகங்கள் சோதனையிடப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் பல உறுப்பினர்களும் ஒரு முன்னணி லாபியாளரும் தண்டனை பெற்றனர்.

ஒகையோ மாநிலத்தில் நிகழ்ந்தது இதனினும் பெரிது. அங்கு 2019 இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், நலிந்த இரு அணுமின் நிலையங்களைக் காக்க 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை மின் நுகர்வோரிடம் வசூலிக்க வழிசெய்தது. அதற்காகப் பர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 6 கோடி டாலர், கீழவைத் தலைவர் லேரி ஹவுஸ்ஹோல்டரின் கட்டுப்பாட்டில் இருந்த ஓர் அமைப்புக்குச் சென்றது. அவர் 2020 சூலையில் கைதாகி, 2023 இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

பதவிக்கால வரம்பும் மாதிரி மசோதாக்களும்

நீண்டகால உறுப்பினர்களே லாபியாளரின் நண்பர்கள் என்ற எண்ணத்தில், 1990 இல் கலிபோர்னிய வாக்காளர்கள் பதவிக்காலத்தைக் கீழவையில் 6 ஆண்டுகளாகவும் மேலவையில் 8 ஆண்டுகளாகவும் வரையறுத்தனர். சட்டமன்றத்தின் செலவுக்கும் கடும் வெட்டு விழுந்தது. அனுபவமிக்க ஆய்வு அலுவலர் பலர் வெளியேறினர். புதிதாக வந்த உறுப்பினர் தண்ணீர் உரிமை, காப்பீடு போன்ற சிக்கலான துறைகளைக் கற்று முடிப்பதற்குள் பதவி முடிந்தது. பல ஆண்டுகள் அங்கேயே இருந்து எல்லாம் அறிந்தவர் லாபியாளர் ஒருவரே என்னும் நிலை உருவானது. 2012 இல் இவ்விதி மாற்றப்பட்டு, இரு அவைகளிலும் சேர்த்து 12 ஆண்டுகள் இருக்கலாம் என்றானது.

வசதி குறைந்த மாநிலங்களில் இச்சிக்கல் கூடுதல். டெக்சாசு சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 140 நாட்களே நடைபெறும். உறுப்பினர் ஊதியம் ஆண்டுக்கு 7,200 டாலர். நியூ ஹாம்சயர் உறுப்பினரின் ஊதியம் ஆண்டுக்கு 100 டாலர். இத்தகைய இடங்களில் எழுதி முடித்த மசோதாவைக் கையில் தருபவருக்கு வரவேற்பு இருப்பதில் வியப்பில்லை. 1973 இல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் சட்டமன்றப் பரிமாற்றப் பேரவை, பழமைவாத உறுப்பினர்களையும் நிறுவனங்களையும் ஒன்றுகூட்டி மாதிரி மசோதாக்களைத் தயாரித்துப் பல மாநிலங்களுக்கும் வழங்குகிறது. யூ.எசு.ஏ. டுடே முதலான செய்தி நிறுவனங்கள் 2019 இல் வெளியிட்ட ஆய்வு, அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் பல்வேறு அமைப்புகளின் மாதிரிகளைப் பெரும்பாலும் அப்படியே படியெடுத்த 10,000க்கும் மேற்பட்ட மசோதாக்கள் மாநிலங்களில் அறிமுகமாயின என்றும், அவற்றில் 2,100க்கும் மேற்பட்டவை சட்டமாயின என்றும் கண்டது.

இதனால் லாபி முழுவதும் பெருநிறுவனங்களுடையது என்று கொள்ளல் ஆகாது. மதுபோதையில் ஓட்டப்பட்ட வாகனத்தால் 13 வயது மகளை இழந்த கேண்டசு லைட்னர், 1980 இல் கலிபோர்னியாவில் தாய்மார் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அவ்வமைப்பின் இடைவிடாத வற்புறுத்தலால் அப்பத்தாண்டில் பல மாநிலங்களில் மதுபோதை ஓட்டுநர்க்கான தண்டனைகள் கடுமையாயின. அவர்கள் செய்ததும் லாபியே.

மக்கள் வாக்கெடுப்பு ஒரு கருவியாக

1911 இல் இரயில்வேக்கு எதிராக மக்களுக்குத் தரப்பட்ட உரிமை, இன்று பணம் படைத்த குழுக்களின் கையிலும் உள்ளது. கூலிக்கு ஆள் அமர்த்திக் கையொப்பம் திரட்டக்கூடிய எவரும் ஒரு முன்மொழிவைத் தகுதி பெறச் செய்யலாம். தகுதி பெற்ற பின்னும் அதனைத் திரும்பப் பெறலாம் என்று 2014 இல் இயற்றப்பட்ட சட்டம், அதனைப் பேரம் பேசும் கருவி ஆக்கிற்று. 2018 இல் குளிர்பான நிறுவனங்கள், உள்ளாட்சிகள் எந்த வரியையும் உயர்த்துவதைக் கடினமாக்கும் முன்மொழிவு ஒன்றைத் தகுதி பெறச் செய்தன. அஞ்சிய நகராட்சிகளின் நிலை கண்ட சட்டமன்றம், 2030 வரை உள்ளாட்சிகள் இனிப்புப் பானங்களுக்குப் புதிய வரி விதிப்பதைத் தடைசெய்தது. அதற்கு ஈடாக முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. நிறுவனங்களுக்கு வேண்டியிருந்தது வாக்கெடுப்பு அன்று, இந்தத் தடை மட்டுமே.

வாடகை வாகனச் செயலிகளின் ஓட்டுநர்களை ஊழியராகக் கருதவேண்டும் என்ற வகையில் 2019 இல் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டே ஊபர், லிப்ட், டோர்டாசு முதலிய நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு, தம் ஓட்டுநருக்கு மட்டும் விலக்குத் தரும் 22 ஆவது முன்மொழிவை ஏறத்தாழ 58 விழுக்காடு வாக்குகளால் நிறைவேற்றின. அதனைச் சட்டமன்றம் திருத்தவேண்டுமாயின் எட்டில் ஏழு பங்கு உறுப்பினர் ஆதரவு வேண்டும் என்ற விதியும் அதனுள்ளேயே எழுதப்பட்டிருந்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2024 சூலையில் அம்முன்மொழிவு செல்லும் என உறுதிசெய்தது.